அகதிக்கு எதுக்குங்க காபிக் கடை? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர், "விசா இல்லாமல் போய் இறங்கக்கூடிய ஊர் உலகத்தில் எப்போதாவது இருந்ததா?" என்று விளையாட்டாகக் கேட்டிருந்தார். இருந்தது, ஷாங்காய் என்று பதில் எழுதினேன். ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்த யூதர்கள் அங்கே போய் இறங்கினார்கள், வயிற்றுக்கே வழியில்லாத நிலையிலும் காபிக் கடை, நாடகம், பத்திரிகை என்று நடத்தினார்கள் என்று நாலு வரியில் முடித்திருந்தேன். அந்த நாலாவது வரிதான் வம்பை இழுத்துவிட்டது. வந்த தபாலில் பாதி அதைப் பற்றித்தான். மழைநீர் வடிகால், குறுவைத் தொகுப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடி வந்தவர்களுக்குக் காபிக் கடையும் நாடகமும் எதற்கு ஐயா? சோற்றுக்கு வழியில்லை என்றும் நீங்களேதான் எழுதுகிறீர்கள்.
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

தம்பி, கேள்வி நியாயம்தான். இந்த விஷயத்தை முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கையில் காலணா இல்லாதவனுக்குக் கச்சேரி ஒரு கேடா என்று.

அவர்கள் வந்த விதத்தை முதலில் பார்ப்போம். 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் வழிபாட்டுக் கூடங்களுக்குத் தீ வைத்தார்கள், கடைகளை நொறுக்கினார்கள், சுமார் 30,000 ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய் டாஹவ், புக்கன்வால்ட் மாதிரியான முகாம்களில் அடைத்தார்கள். நாட்டை விட்டே போய்விடுகிறோம் என்று கப்பல் சீட்டைக் காட்டினால் விடுவார்கள். வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு தூதரக வாசலிலும் வரிசையில் நின்றார்கள், எங்கும் கதவு திறக்கவில்லை. திறந்திருந்த ஒரே துறைமுகம் ஷாங்காய். அந்த ஊரில் ஒரு பகுதியை வெள்ளைக்காரர்கள் கூட்டாக நடத்தினார்கள், ஒரு துண்டு பிரெஞ்சுக்காரர் கையில், சுற்றிலும் 1937 சண்டையில் ஜெயித்த ஜப்பான் ராணுவம். வந்திறங்குகிறவனிடம் காகிதம் கேட்பது யார் வேலை என்பதே யாருக்கும் தெளிவில்லை, அதனால் 1939இல் கட்டுப்பாடு வரும் வரை யாரும் கேட்கவில்லை. 1941 வரைக்கும் 18,000 முதல் 20,000 பேர் வரை வந்து சேர்ந்தார்கள்.

ரொக்கமாக ஆளுக்குப் பத்து மார்க்குக்கு மேல் எடுத்து வரக்கூடாது என்பது நாஜி சட்டம். ஆனால் ஆரம்பத்தில் வீட்டுச் சாமான்களைப் பெரிய மரப்பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு அனுமதி இருந்தது. அதனால் சட்டைப்பையில் பத்து மார்க், பின்னால் வேறொரு கப்பலில் பியானோ என்று விசித்திரமான ஏழைகளாக வந்தார்கள். கேமரா, வெள்ளிக் கரண்டி, கம்பளிக் கோட்டு எல்லாம் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின, அரிசி தீர்ந்த வீட்டில் பாத்திரம் அடகுக்குப் போகிற அதே வரிசையில். கையில் ஒன்றும் இல்லாதவர்கள் பொதுவிடுதிகளில் அடுக்குக் கட்டிலில் படுத்தார்கள், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே போர்வையைத் தொங்கவிட்டு அதையே குடும்பம் என்று வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஹாங்கியூ என்ற பேட்டையில் வாடகைக்குப் போனார்கள். குண்டு விழுந்து இடிந்து கிடந்த பேட்டை, அதனால் வாடகை மலிவு. இடிந்த சுவர்களை அவர்களே எடுத்துக் கட்டினார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வியன்னாவில் முப்பது வருஷம் காபி விடுதி நடத்தியவனுக்கு ஷாங்காயில் வேறு என்ன தொழில் தெரியும்? மூட்டை தூக்கலாம் என்றால் அவனைவிடப் பாதிக் கூலிக்குச் சீனத் தொழிலாளி நிற்கிறான். தெரிந்த தொழிலைச் செய்தான். சூஷான் தெருவில் ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, காபி விடுதி என்று வரிசையாக வந்ததும் அந்தப் பக்கத்துக்கே குட்டி வியன்னா என்று பேர் விழுந்தது. 'வெள்ளைக் குதிரை' என்ற பேரில் ஒரு விடுதி, சினிமாக் கொட்டகையின் மொட்டைமாடியில் செடி வைத்து, வாத்தியக் கோஷ்டியோடு ஒரு உணவகம், இப்படி. நடத்தியவன் பிழைத்தான் என்பது ஒன்று. வந்து உட்கார்ந்தவன் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொதுவிடுதியில் அவன் ஒரு கட்டில் நம்பர், தகரத் தட்டோடு வரிசையில் நிற்கிற ஆள். காபி விடுதியில் ஒரு கோப்பை காசுக்கு இரண்டு மணி நேரம் நாற்காலி அவனுடையது, பரிமாறுகிறவன் பழைய பழக்கத்தில் "டாக்டர் ஐயா" என்றுதான் கூப்பிடுவான். நம் பக்கத்தில் பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் வீட்டில் காபி இருந்தும் காலையில் கடைக்குக் கிளம்பிப் போகிறார்களே, அது காபிக்காகவா? மருமகளிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வாள்.

பத்திரிகையும் அப்படித்தான். ஜெர்மன் மொழியில் நாளிதழ், வார இதழ், மாத இதழ் என்று இத்தனை சின்னக் கூட்டத்துக்கு எத்தனை! 'மஞ்சள் அஞ்சல்' என்று பொருள்படும் பேரில் 1939இல் ஒன்று வந்தது. நடத்தியவர் ஸ்டோர்ஃபர், மனோதத்துவ நிபுணர் ஃப்ராய்டின் பதிப்பகத்தை வியன்னாவில் நிர்வகித்தவர். மனப்பகுப்பாய்வு, மொழியியல், சீனப் பண்பாடு என்று அதில் கட்டுரைகள் வந்தன, படித்தவர்களில் பலர் அன்றைக்கு இலவசக் கஞ்சிக்கு நின்றுவிட்டு வந்தவர்கள். மற்ற பேப்பர்களில் நாடக அறிவிப்பு, கால்பந்து முடிவு, வேலை வேண்டும், விற்பனைக்கு, உறவினரைத் தேடுகிறோம்.

நாடகம் விடுதிகளில் கட்டில்களை ஓரம் தள்ளித்தான் தொடங்கியது. அப்புறம் வாடகைக் கொட்டகை. நடிகர்களுக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஜெர்மன் நாடகங்கள், சிரிப்புப் பாட்டுக் கச்சேரி, போலந்துக்காரர்களுக்கு அவர்களுடைய யித்திஷ் மொழியில் தனி நாடகம். போலந்து யூதருக்கும் வியன்னா யூதருக்கும் அவ்வளவாக ஒட்டாது, இதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா அகதிகளும் ஒரே குடும்பம் போல வாழ்ந்தார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு பேச்சைக் குறை சொன்னார்கள், சாப்பாட்டைக் குறை சொன்னார்கள், யார் பக்தி உசத்தி என்று சண்டை போட்டார்கள்.

சங்கீதத்தில் ஒரே ஒருவரைச் சொல்கிறேன். ஆல்ஃப்ரட் விட்டன்பெர்க், வயலின்காரர், 1880இல் பிறந்தவர், ஜெர்மனியின் மகா வித்வான் யோவாகிமின் சிஷ்யர். ஷாங்காய் வந்தபோது அறுபதை நெருங்கிவிட்டார். ஓர் அறையில் குடியிருந்துகொண்டு சீனப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். போர் முடிந்து எல்லோரும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று மூட்டை கட்டியபோது அவர் கட்டவில்லை, 1952இல் ஷாங்காயிலேயே இறந்தார். கூடவே வுல்ஃப்காங் ஃப்ரெங்கல் என்று ஒருவர், பெர்லினில் நீதிபதியாக இருந்தவர், ஷாங்காய் இசைக் கல்லூரியில் இசையமைப்புச் சொல்லிக்கொடுத்தார். தஞ்சாவூர் வக்கீல்களில் பாதிப் பேர் கோர்ட்டைவிடக் கச்சேரியில்தான் அதிகம் வாதாடுவார்கள் என்பதால் இது நமக்கு ஆச்சரியமாக இருக்காது.

கப்பல் பம்பாய், கொழும்பு வழியாகத்தானே ஷாங்காய் போயிருக்கும்? நடுவில் நம் நாட்டில் இறங்கியிருக்கலாமே, ஏன் இறங்கவில்லை?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மயிலாடுதுறை

சரியாகப் பிடித்தீர்கள் சார். ஜெனோவா அல்லது ட்ரியெஸ்டில் கிளம்பிய இத்தாலியக் கப்பல்கள் சூயஸ் தாண்டி பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று நின்று நின்று நாலு வாரத்தில் ஷாங்காய் சேரும். கப்பல் கொழும்பில் நின்ற நாளில் அவர்கள் இருந்த இடத்துக்கும் கோடியக்கரைக்கும் அப்படியொன்றும் அதிக தூரமில்லை. ஆனால் இந்தியாவில் இறங்க வெள்ளைக்கார சர்க்கார் அனுமதி வேண்டும், இங்கே வேலையோ உத்தரவாதம் கொடுக்க ஓர் ஆளோ வேண்டும். அது கிடைத்த சிலர் இறங்கினார்கள். பம்பாய் யூதர்கள் 1934இலேயே நிவாரணச் சங்கம் ஒன்று வைத்து அவர்களுக்கு உதவினார்கள். 1939 செப்டம்பரில் போர் வந்ததும் ஒரு கூத்து நடந்தது: ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களையே, ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கிறான், எதிரி நாட்டான் என்று பிடித்து முகாமில் போட்டார்கள். பிறகு ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்து, பலரை விடுவித்தார்கள்.

அப்படி இங்கே இருந்தவர்களில் ஒருவரை உங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் காதால் அறிவீர்கள். விடியற்காலையில் திருச்சி வானொலி பேசுவதற்கு முன்னால் தம்பூரா சுருதியில் ஒரு வயலின் இழையுமே, ஆகாசவாணியின் அந்த அடையாள இசை, அதை அமைத்தவர் என்று சொல்லப்படுபவர் வால்டர் காஃப்மன். செக் நாட்டுப் பக்கம் பிறந்த யூதர், 1934இல் பம்பாய்க்கு வந்தவர், அங்கே வானொலியில் வேலை பார்த்தவர். காவிரிக்கு மேற்பக்கம் மைசூர் சமஸ்தானத்தில் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939இல் தலைமைக் கட்டடக் கலைஞராகச் சேர்ந்தார். ஓவியர் மக்தா நக்மன் என்ற அம்மாள் பம்பாயில் இருந்தார். அவர் கணவர் யார் தெரியுமா? நம் எம்.பி.டி. ஆச்சார்யா, புதுச்சேரியில் பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். ரஷ்யாவில் கல்யாணம், பெர்லினில் வறுமை, நாஜிகள் வந்ததும் அங்கிருந்து தப்பி 1930களில் பம்பாய். 1951இல் அவருடைய ஓவியக் கண்காட்சி திறக்கச் சில மணி நேரம் இருக்கும்போது அந்த அம்மாள் இறந்துபோனார்.

வியன்னாவில் சீனத் துணைத் தூதராக இருந்த ஹோ ஃபெங் ஷானையும் சொல்லாமல் விடக்கூடாது. ஷாங்காயில் இறங்க விசா வேண்டாம், ஆனால் வியன்னாவை விட்டுக் கிளம்புவதற்கு ஏதாவது ஒரு நாட்டின் முத்திரை வேண்டும். மேலதிகாரி தடுத்தும் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். உங்கள் இலாகாவில் முத்திரையின் மகிமை உங்களுக்குத் தெரியும்.

வியன்னாக்காரர்கள் சீனாவில் காபி எப்படிப் போட்டார்கள்? பால், பொடி எல்லாம் கிடைத்ததா?
– காபித்தூள் கடை வைத்திருப்பவர், கும்பகோணம்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் தப்பு. பொடியைவிடப் பெரிய பாடு வெந்நீர். ஷாங்காயில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம், காலராவும் வரலாம். எல்லாவற்றையும் கொதிக்க வைக்க வேண்டும், விறகும் கரியும் எட்டாத விலை. ஆகவே தெருமுனையில் வெந்நீர்க் கடை. சீனர்கள் அதைப் 'புலி அடுப்பு' என்பார்கள். பெரிய கொப்பரைகளில் நாள் முழுக்கத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். மூங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் அகப்பைக் கணக்கில் ஊற்றுவான். பெர்லின் வீட்டம்மாக்கள் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சீனப் பெண்களுக்கு நடுவில் வரிசையில் நிற்பார்கள். நம் டீக்கடை பாய்லரில் வெந்நீர் வாங்கிப் போகிற மாதிரிதான், இங்கே பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் நடக்கிறது, அங்கே ஊர் முழுக்க.

சமையலுக்கு நம் குமுட்டி அடுப்பு மாதிரி ஒரு சின்ன அடுப்பு. கரித்தூளையும் மண்ணையும் பிசைந்து உருட்டிக் காயவைத்த உருண்டைகளைப் போட்டு, வாசலில் வைத்து, கையால் விசிற வேண்டும். அறைக்குள் வைத்தால் புகையில் மூச்சு முட்டிவிடும். எரிவாயு அடுப்பும் வேலைக்காரியும் வைத்திருந்த அம்மாள், சந்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய விசிறிக்கொண்டே, உள்ளே இருக்கிற கணவனிடம் நேற்றைய நாடகத்தில் கதாநாயகி சொதப்பியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு ஷாங்காய் என்றால் அந்தச் சித்திரம்தான்.

அப்படியும் கொதிக்க வைத்துக் குடிக்க வசதியில்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொதுச் சமையல்தான். அமெரிக்க யூத நிவாரண அமைப்பின் சார்பில் 1941இல் வந்த லாரா மார்கோலிஸ் என்ற அம்மாள், ஓட்டை அடுப்புகளை ஒழித்து நீராவிக் கொதிகலன் வைத்துத் தினமும் 8,000 பேருக்குச் சாப்பாடு போடும்படி மாற்றினார். போர் மும்முரமான காலத்தில், அமெரிக்கப் பணம் வருவது நின்றுவிட்ட பிறகு. நம் கல்யாண சமையல் காண்டிராக்டர்கள்கூட ஒரு நிமிஷம் எழுந்து நிற்கலாம்.

யூதர்கள் சனிக்கிழமை வேலை செய்ய மாட்டார்களாமே. ஜப்பான், சீனா வரை போனவர்களுக்குக் கிழமை, திதி எல்லாம் குழம்பாதா?
– கோயில் வாசலில் பூக்கடை, திருநள்ளாறு

அம்மா, குழம்பியது. உங்கள் ஊர்க் குழப்பமேதான். சனிப்பெயர்ச்சி என்றைக்கு என்று வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு தேதி, திருக்கணிதம் ஒரு தேதி சொல்ல, டிவி ஜோசியரை நம்பி ஒரு கூட்டம் முன்னாடியே வந்து நிற்குமே!

நடந்தது இது. போலந்தில் மிர் என்ற ஊரில் இருந்த பெரிய வேதபாடசாலை, ஆசிரியர், மாணவர் எல்லோருமாக லித்துவேனியாவுக்கு ஓடியது. அங்கே 1940இல் ஜப்பானியத் துணைத் தூதர் சியுனே சுகிஹாரா கை வலிக்க வலிக்க 2,000க்கும் மேற்பட்ட விசாக்களை எழுதிக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு சைபீரியா முழுக்க ரயில், அப்புறம் கப்பல், 1941இல் ஜப்பானின் கோபே நகரம். வந்து மூச்சு விட்டதும் முதல் சந்தேகம்: ஒரு பக்கம் ஒரு கிழமை, மறுபக்கம் வேறு கிழமை என்று உலகத்தைப் பிரிக்கிற தேதிக்கோடு எங்கே ஓடுகிறது? வெள்ளைக்காரன் பசிபிக் கடலில் போட்ட கோடு மதத்துக்குச் செல்லுமா? ஜெருசலேமிலிருந்து கிழக்கே 90 பாகையில்தான் கோடு என்று ஒரு கட்சி. அப்படியானால் ஜப்பான் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஜப்பானியர் ஞாயிறு என்கிற நாள்தான் உண்மையான சனி. சிலர் எதற்கு வம்பு என்று இரண்டு நாளும் வேலையைத் தொடவில்லை.

அந்த வருஷம் அவர்களுடைய மகா உபவாச நாள் நெருங்கியபோது தந்தி பறந்தது. ஜெருசலேமில் பெரியவர்கள் கூடிப் புதன்கிழமை உபவாசம் என்றார்கள். கஸோன் இஷ் என்று பேர்பெற்ற மகா பண்டிதர் புதன் சாப்பிடுங்கள், வியாழன் உபவாசம் இருங்கள் என்றார். மிச்சமிருந்தவர்களில் சிலர் இரண்டு நாளும் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்தார்கள். பாடசாலையில் பெரும்பகுதி அதற்குள் ஷாங்காய் போய்விட்டது. ஷாங்காய் அந்த 90 பாகைக்கு உள்ளேயே இருக்கிறது, ஆகவே அங்கே தகராறில்லை!

ஷாங்காயில் அவர்களுக்கு இடம் கொடுத்த வழிபாட்டுக் கூடம் 1927இல் சைலஸ் ஹர்தூன் கட்டியது. ஹர்தூன் பாக்தாதில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, ஷாங்காயில் கோடீஸ்வரர் ஆனவர். சசூன், கதூரி குடும்பங்களும் அப்படித்தான், பாக்தாத்–பம்பாய்–ஷாங்காய் வழி. சசூன் செல்வத்தில் ஆரம்பம் இந்திய அபின். அந்தக் காசில் எழுந்த சொத்தில் ஒரு பெரிய கட்டடத்தில்தான் அகதிகளை முதலில் இறக்கினார்கள், கதூரி பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார். எந்தக் காசு எங்கே போய்ப் புண்ணியமாகிறது என்று யாருக்குத் தெரியும். பாடசாலைக்காரர்கள் கையில் புத்தகம் போதாமல் தல்முத் என்ற யூத சாஸ்திர நூலின் வால்யூம்களை ஷாங்காயிலேயே மறு அச்சுப் போட்டுப் படித்தார்கள்.

அவர்கள் சீன மொழி கற்றார்களா?
– பள்ளி ஆசிரியை, வேதாரண்யம்

பெரியவர்கள் பெரும்பாலும் இல்லை. கடைப் பேரம் பேசுகிற அளவுக்கு உடைந்த ஆங்கிலம், நாலு ஷாங்காய் வார்த்தை. தெருவில் விளையாடிய பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், வசவுகளை முதலில்.

ஒரு விதிவிலக்கு. டேவிட் லுட்விக் ப்ளோக் என்ற ஓவியர், காது கேளாதவர், டாஹவ் முகாமில் இருந்துவிட்டு 1940இல் வந்தார். ரிக்‌ஷாக்காரர்கள், பிச்சைக்காரர்கள், தெருக் குழந்தைகள் என்று மரச்செதுக்கு ஓவியங்களாகச் செய்து தள்ளினார். ப்ளோக் என்பதைச் சீன எழுத்தில் 'பாய் லூ ஹெய்' என்று ஒலிக்கும்படி எழுதிக்கொண்டார்: வெள்ளை, பச்சை, கறுப்பு. அவரைப் போலவே காது கேளாத ஒரு சீனப் பெண்ணை 1946இல் மணந்தார். ஊருக்கே மொழிப் பிரச்சினை, இவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் இல்லை.

ஜப்பான் ஹிட்லரின் கூட்டாளி ஆயிற்றே, இவர்களை எப்படி விட்டுவைத்தது?
– நகைத் தொழிலாளி, தஞ்சாவூர்

கொல்லவில்லை, அடைத்தார்கள். 1943 பிப்ரவரி 18இல் ஓர் அறிவிப்பு. அதில் யூதர் என்ற சொல்லே கிடையாது, "நாடற்ற அகதிகள்" என்றுதான் இருந்தது. 1937க்குப் பிறகு வந்தவர்கள் மூன்று மாதத்துக்குள் ஹாங்கியூவில் ஒரு சதுர மைலுக்கும் குறைவான இடத்துக்குள் வந்துவிட வேண்டும். மதில் இல்லை, கம்பிவேலி இல்லை. ஏற்கெனவே அங்கே சுமார் ஒரு லட்சம் சீனர்கள் குடியிருந்தார்கள், அவர்களோடு இவர்களும். வெளியே வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், அதைக் கொடுக்கும் அதிகாரி கோயா என்ற குள்ளமான மனிதர், 'நான்தான் யூதர்களின் ராஜா' என்று சொல்லிக்கொள்வாராம், உயரமான ஆள் வந்து நின்றால் மேசை மேல் ஏறி அறைவாராம். அங்கிருந்து வந்தவர்கள் நினைவுக் குறிப்பு எழுதினால் இந்த ஆள் வராமல் இருக்கமாட்டார். எல்லைக் காவலுக்கு அகதிகளையே கையில் பட்டி கட்டி முறைபோட்டு நிறுத்தினார்கள், அதுதான் இதில் மகா கெட்டிக்காரத்தனம்.

1945 ஜூலை 17இல் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் 30க்கும் மேற்பட்ட அகதிகளும் நூற்றுக்கணக்கான சீனர்களும் செத்தார்கள். விடுதி மருத்துவமனையில் அகதி டாக்டர்கள் வேற்றுமை பார்க்காமல் எல்லோருக்கும் கட்டுப்போட்டார்கள். அடுத்த மாதமே போர் முடிந்தது. அப்புறம்தான் ஐரோப்பாவில் விட்டு வந்தவர்களில் யார் யார் இல்லை என்ற பட்டியல்கள் வரத் தொடங்கின, தெருச் சுவரில் ஒட்டினார்கள்.

என் சின்னம்மா குடும்பம் மொரீஷியஸில் இருக்கிறது. அங்கே யூதர் இடுகாடு ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே எப்படி?
– மீன் ஏற்றுமதி நிறுவன ஊழியர், காரைக்கால்

உண்மைதான். உங்கள் ஊர்ப் பக்கமிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கொத்தனார், தச்சர் என்று நம்மவர்கள் போய்க் காவடி எடுத்துக்கொண்டிருக்கிற, ரூபாய் நோட்டில் தமிழ் அச்சடிக்கிற அதே தீவில்தான்.

1940இல் வியன்னா, டான்ஸிக், பிராக் பக்கத்து யூதர்கள் டானுப் நதி வழியே தப்பி, 'அட்லான்டிக்' என்ற ஓட்டைக் கப்பலில் பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுகம் வரை வந்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் வந்தீர்கள் என்று வெள்ளைக்கார அரசு சுமார் 1,580 பேரை வேறு கப்பல்களில் ஏற்றி டிசம்பரில் மொரீஷியஸுக்கு அனுப்பி, போ பஸன் சிறைச்சாலையில் வைத்தது. ஆண்களுக்கு ஜெயில் அறைகள், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் தகரக் கொட்டகைகள், நடுவில் சுவர். முதலில் புருஷன் பெண்டாட்டி சந்திக்கவே தடை. மலேரியாவிலும் டைபாய்டிலும் சாவு. 1945 ஆகஸ்டு வரை நாலரை வருஷம். 120 பேருக்கும் மேல் அங்கேயே அடக்கம், நீங்கள் சொல்கிற செயின்ட் மார்ட்டின் இடுகாடு அதுதான்.

அந்த ஜெயிலுக்குள்ளும் பள்ளிக்கூடம், வழிபாட்டு இடம், பட்டறை, 'போ பஸன் பாய்ஸ்' என்ற பேரில் ஜாஸ் கோஷ்டி. தடை தளர்ந்த பிறகு பிள்ளைகளும் பிறந்தன, அறுபது போல. சின்னம்மாவிடம் சொல்லி ஒருதரம் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள், முடிந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கோ இருந்த வெள்ளைத்தோல் அகதிகளுக்கு இத்தனை பக்கம். நம் பர்மா அகதிகளையும் ஈழத்து அகதிகளையும் பற்றி எழுதக் கை வரவில்லையா?
– பெயர் வேண்டாம், திருவாரூர்

கோபம் புரிகிறது. கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் பர்மாவிலிருந்து கிளம்பிய இந்தியர்கள் சுமார் ஐந்து லட்சம், பெரும்பாலும் நடை, வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் ஈழத்துக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. அந்த முகாமுக்கு ஒருதரம் பொங்கல் விழாவுக்குப் போனபோது, குறைகளைச் சொல்வார்கள் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய், பையன்களுக்குக் கூத்து பழக்குகிற இடத்தைக் காட்டினார், தாளம் தப்பினதற்கு ஒரு பையனை என் எதிரிலேயே திட்டினார். குறைகளை அப்புறம் சொன்னார், நிறைய.

மன்னார்குடித் தம்பியின் கேள்விக்கு என் வீட்டிலேயே ஒரு பதில் உண்டு, அங்கேயே எழுதியிருக்க வேண்டும். என் பெரியப்பா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. மணிப்பூர் வழியாக நடந்து, இம்பால் சேர்ந்து, திமாப்பூரில் ரயிலேறி, குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்து நின்றபோது அவரை அடையாளம் தெரியாமல் பாட்டி "யாரப்பா நீ" என்று கேட்டாளாம். பெட்டி இல்லை, மாற்று வேட்டி இல்லை. மடியை அவிழ்த்தால் ஒரு சின்னத் தகர டப்பா. நகை என்று நினைத்துக் கூட்டம் கூடிவிட்டது. திறந்தால் கிராமபோன் ஊசி. பெட்டியும் இசைத்தட்டும் ரங்கூனில் போயாயிற்று, ஊசியை மட்டும் மலை தாண்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பைத்தியம் என்று பாட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் போர்க் காலத்தில் ஊசி தட்டுப்பாடு. ஒரு தட்டுக்கு ஓர் ஊசி என்று மாற்றாவிட்டால் தட்டு தேய்ந்துவிடும், கடையில் ஊசி கிடையாது. எங்கள் ஊர் மிராசுதார் வீட்டில் பெட்டி இருந்தது, ராஜரத்தினம் பிள்ளை தோடி இருந்தது, ஊசி இல்லை. அப்புறம் இரண்டு வருஷத்துக்கு அந்த ஊரில் தோடி கேட்க வேண்டுமென்றால் மிராசுதாரே ஆள் விட்டுப் பெரியப்பாவைக் கூப்பிட வேண்டும், பெரியப்பா சாவகாசமாக வெற்றிலை போட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். டப்பா இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன்.